அடுத்து விலைபோகும் சுரங்கம்

மழை விட்டும் விடாத ஒரு காலையில், பூட்டுக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குப் பல் மருத்துவர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். குடையை மடக்க மறந்து வாசலிலேயே நின்றார்.

“என் தம்பியோட நாக்குல கல்லுத்தூள் இருந்துச்சு. மாரடைப்புல செத்தவன் நாக்குல எதுக்குங்க கல்லுத்தூள்?”

கதவைத் திறந்துவிட்ட பட்டாசு ஓரடி பின்வாங்கினான். எதைக் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் வெடித்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். மூன்று வேலைகளை உதறிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் அண்ணியிடம் உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டவன். அண்ணி பல ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சந்தேக மரணங்களை விசாரித்தவர். அந்த வேலையை அவர் விட்டுவிட்டார். சந்தேக மரணங்கள்தான் அவரை விட்டபாடில்லை.

“குடையை இவன்கிட்ட குடுங்க. உட்காருங்க,” என்றார் அண்ணி. “நாக்கை நீங்களே பாத்தீங்களா?”

“தினமும் பத்துப் பேர் வாயைத் திறந்து பாக்குறவ நான். தம்பி வாயைப் பாக்காம அனுப்புவேனா? நாக்கு நுனியில சாம்பல் நிறத்துல நறநறன்னு தூள். அது பட்ட இடம் வெந்துபோயிருந்துச்சு. மருத்துவமனையில கேட்டா, ‘விழும்போது தரையில பட்டிருக்கும்’னாங்க. விழும்போது நாக்கை நீட்டிக்கிட்டா விழுவாங்க?”

பிறகு நடந்ததைச் சொன்னார். தம்பி பாறை நிபுணர். தங்கச் சுரங்க நிறுவனங்களைப் பற்றி எழுதும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. பெரிய நிறுவனங்களின் பழைய சுரங்கங்கள் வற்றிக்கொண்டே போகும். புதிதாக மலையைத் தோண்டித் தேடுவதைவிட, ஏற்கெனவே தேடி வைத்திருக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை அப்படியே விலைக்கு வாங்குவது அவர்களுக்குச் சுலபம். அடுத்து எந்தச் சின்ன நிறுவனம் விலைபோகும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதுவதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். ஊகம் பலித்தால், சொன்னதைக் கேட்டுப் பங்கு வாங்கியவர்களுக்கு அடித்தது யோகம்.

“இன்னிக்குச் சாயந்திரம் ஒரு அறிக்கை வருது. என் தம்பி பேர்ல. அவன் கல்லைக் கண்ணால பாக்காம ஒரு வரி எழுத மாட்டான். கல்லு வந்ததே அவன் செத்த நாள் காலையிலதான். அதைப் பாத்துக்கிட்டிருக்கும்போதே போயிட்டான். அப்ப எழுதினது யாரு?” அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. “பிரேதப் பரிசோதனைக்கு எழுதிக் குடுத்துட்டேன். முடிவு வர நாளாகுமாம். அதுக்குள்ள அவன் சொல்லாததை ஊரே வாசிச்சிடும். செத்தவன் எழுந்து வந்து ‘நான் எழுதலை’ன்னு சொல்லவா போறான்?”

அண்ணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த அலுவலகம் வங்கிகள் நிறைந்த தெருவில், உயரமான கட்டடம் ஒன்றின் நடு மாடியில் இருந்தது. லிஃப்டிலிருந்து இறங்கிய உடனேயே பட்டாசுக்கு மூச்சு முட்டியது. ஜன்னல் இல்லாத நீண்ட நடைவழி. காலடி ஓசையை விழுங்கிக்கொள்ளும் தடித்த விரிப்பு. சுவரெங்கும் திரைகள், அவற்றில் தங்கத்தின் விலை நோயாளியின் நாடித்துடிப்பைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. செத்தவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தவர்கள்கூட உடனே திரைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆழத்தில் மீன்கள் நகர்கிற தொட்டிக்குள் தவறி விழுந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

முதலாளி வந்து கை கொடுத்தார். அந்தக் கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

“என்ன தம்பி பாக்குறீங்க? துளை போடுற மிஷின் சாப்பிட்டது. இருபது வயசுல சுரங்கத்துல எடுபிடியா இருந்தவன்தான் நான்.” பல் மருத்துவரைப் பார்த்ததும் குரல் தணிந்தது. “உங்க தம்பி இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்மா.”

“அப்ப அறிக்கையை நிறுத்துங்க,” என்றார் அவர்.

முதலாளி சங்கடமாகச் சிரித்தார். “வாசகர்கள் காத்திருக்காங்க. அவர் பேர் இருந்தாத்தான் நம்புவாங்க. அவர் முன்னாடியே சொல்லி எழுத வெச்சதுதான்னு, இதை எழுதின எங்க கணிப்பாளர் சொல்றார்.”

“அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல அந்த அறை,” என்றார் அண்ணி.

உடலை எடுத்துப்போன பிறகு முதலாளி பூட்டி வைத்த அறை அது. உள்ளே ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு தொலைபேசி, விழுந்தபடியே கிடந்த நாற்காலி. சுவரில் ஒரு நிலப்படம். அதில் பெரிய நிறுவனம் ஒன்றின் சுரங்கமும், அதற்கு மேற்புறம் சின்ன நிறுவனத்தின் நிலமும் குறிக்கப்பட்டிருந்தன. சின்ன நிறுவனத்தின் நிலத்துக்குள் இருந்த ஓர் அணையை யாரோ நீலப் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தார்கள். பென்சில் சீவல்கள் இன்னும் கீழே கிடந்தன.

மேஜைமேல் நீளமான மரப்பெட்டி. அதன் பள்ளங்களில், நெடுக்காக இரண்டாகப் பிளந்த உருளைக் கற்கள் வரிசையாகக் கிடந்தன.

“பூமிக்குள்ள துளை போட்டு, குழாய்ல கல்லை வெளியே எடுப்பாங்க,” என்று விளக்கினார் முதலாளி. “பாதியை அறுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவாங்க. மீதிப் பாதி இது. யாரு வேணாலும் கண்ணால பாத்துக்கலாம்.”

பட்டாசு குனிந்து பார்த்தான். எல்லாக் கல்லிலும் மையால் ஓர் அம்பு வரைந்திருந்தது. “அண்ணி! மத்ததெல்லாம் மாவுல புரட்டின மாதிரி இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் குளிச்சுட்டு வந்திருக்கு. அதோட, எல்லா அம்பும் வலது பக்கம் பாக்குது. இது மட்டும் கோவிச்சுக்கிட்டு இடது பக்கம் திரும்பிக்கிச்சு.”

அவன் கையை நீட்டுவதற்குள் அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடி வலித்தது.

“அதைத் தொட்ட கையால சாப்பிடற ஆசை இருந்தா தொடு.”

கைக்குட்டையால் அந்தக் கல்லைப் பற்றி, காகிதத்தில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். பிறகு மேஜையின் வலது மூலையைத் தடவிப் பார்த்தார். அங்கே வட்டமாக ஒரு நீர்க்கறை. ஒரே இடத்தில் எதையோ பல காலம் வைத்து வைத்து எடுத்ததில் மெருகே போயிருந்தது. ஆனால் அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

முதலாளி சொன்னார். சின்ன நிறுவனத்தின் சுரங்க மேலாளரே காலையில் பெட்டியைக் கொண்டுவந்து இந்த அறையில் வைத்தார். பாறை நிபுணர் வர நேரமாயிற்று. அதுவரை அறை திறந்தே கிடந்தது. அவர் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். கல் பார்க்கும்போது யாரும் கூட இருப்பது அவருக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரத்தில் நாற்காலி விழும் சத்தம். முதலாளி, மேலாளர், கணிப்பாளர் மூவரும் ஓடினார்கள். மூவருமாகத்தான் தூக்கினார்கள்.

“பக்கத்துல ஒரு கல்லு கீழே விழுந்து கிடந்துச்சு. என் கால்லகூட இடறிச்சு.”

“அதை எடுத்துப் பெட்டியில வெச்சது யாரு?”

முதலாளி விழித்தார். “நான் இல்லை. ஒரே களேபரம். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண வெளியே போனேன். மேலாளர் கைப்பையை எடுக்கத் திரும்பி வந்தார். கணிப்பாளர் ஜன்னல்... இல்லை, விசிறியைப் போட வந்தார். யாருன்னு எப்படிச் சொல்றது?”

“சரி. இதை உள்ள வெச்சிடுங்க,” என்று அண்ணி வேறொரு கல்லை அவரிடம் நீட்டினார். மூன்று விரல்களில் அது ஒரு சுழல் சுழன்று பள்ளத்தில் உட்கார்ந்தது. அம்பு வலது பக்கம்.

அறிக்கை வெளியாவதைப் பார்க்க வந்த சுரங்க மேலாளர் வரவேற்பறையில் காத்திருந்தார். வெயிலில் வெந்த முகம், அகன்ற தோள், மண் படிந்த பூட்ஸ். கல் இருந்த அறைக்குள் அவர் நுழைந்ததும் அந்த அறையே சுருங்கியது போலிருந்தது.

“காய்ஞ்ச கல்லு ஊமைங்க,” என்றார் அவர், அண்ணியின் கேள்விக்கு. “நனைச்சாத்தான் வாயைத் திறக்கும். நிறம், கோடு, தங்கப் பொட்டு எல்லாம் அப்பத்தான் தெரியும். பக்கத்துல தண்ணி இருந்தா அதை அடிச்சுப் பாப்போம். இல்லேன்னா இருக்கவே இருக்கு நாக்கு. நாங்க எல்லாம் கல்லை நக்கிப் பிழைக்கிற கூட்டம்.”

பட்டாசு முகத்தைச் சுளித்தான். பல் மருத்துவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். தூள் எப்படி வந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“தங்கத்தைக் கல்லுலேருந்து பிரிக்க விஷம் போடுவீங்களாமே?” என்று வெடித்தான் பட்டாசு.

“போடுவோம். நகைப் பட்டறையில மெருகு போடக்கூட அதைத்தான் வெச்சிருக்காங்க. அதுக்கென்ன இப்ப?”

“அவர் உங்க கல்லைப் பத்தி என்ன நினைச்சார்?” என்று அண்ணி அமைதியாகக் குறுக்கிட்டார்.

மேலாளர் தலையைச் சொறிந்தார். “கேலி பண்ணினார். ‘உங்க தங்கம் எப்படியோ போகட்டும்யா, அணையைப் பத்திரமா வெச்சுக்கங்க’ன்னார். எனக்கு மூக்குமேல கோவம். கல்லைச் சுமந்துக்கிட்டு வந்தவன்கிட்ட பேசுற பேச்சா அது?”

அண்ணி அவரிடமும் ஒரு கல்லைக் கொடுத்தார். அவர் பேச்சை நிறுத்தாமல், பார்க்கக்கூட இல்லாமல், அதைத் திருப்பிப் பள்ளத்தில் வைத்தார். அம்பு வலது பக்கம்.

நடைவழிக்கு வந்ததும் பட்டாசு அண்ணியின் காதைக் கடித்தான். “இவன்தான் அண்ணி! விஷம் இவன் இடத்துல கிடைக்குது. கல்லு இவன் கொண்டுவந்தது. கேலி வேற. பிடிச்சு உள்ள வெச்சா முடிஞ்சுது.”

“உன்னை நீதிபதியாக்கினா ஜெயில்ல இடம் பத்தாதுடா. பேசாம வா.”

கணிப்பாளர் மெல்லிய மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். அந்தக் குரல் எதிரே இருப்பவரை இன்னும் அருகில் வரச்சொல்லி இழுத்தது. கல் பார்க்கும் அறையின் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“கல்லு, மண்ணு எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சுரங்கத்துப் பக்கமே போனதில்லை. எனக்கு எண்கள் போதும். எந்தக் கம்பெனிக்குக் கையிருப்பு குறையுது, யாருக்குப் பசி எடுத்திருக்கு, எது வாய்க்கு எட்டுற தூரத்துல இருக்கு. அவ்வளவுதான் என் வேலை.”

“தங்கம் எந்தத் துண்டுல இருக்குன்னு அந்த எண்கள்ல வருமா?”

“அது தெரியாம எப்படி? எந்த ஆழத்துல எவ்வளவுன்னு சோதனை முடிவுலயே இருக்குமே. இந்தப் பெட்டியில ஒரே ஒரு துண்டுதான் ராஜா.” சொல்லிவிட்டு லேசாக உதட்டைக் கடித்தார்.

“இதைக் கொஞ்சம் வெச்சிடறீங்களா?”

அவர் கல்லை வாங்கி, கைக்கு வந்த வாக்கில் காலியாக இருந்த பள்ளத்தில் வைத்தார். அண்ணி அதன் அம்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்றார்.

கணிப்பாளரின் தடுப்பறையிலும் ஜன்னல் இல்லை. வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே வெளிறித் தெரிந்தது, மேஜையோரத்துச் செடி ஒன்றைத் தவிர. அது மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அதன் காலடியில் தண்ணீர் தெளிக்கும் சின்ன பாட்டில்.

“எங்க வீட்டுல வெயில்ல வெச்சாலே ஒரு மாசம் தாங்காது. இருட்டுல எப்படி சார் இவ்வளவு செழிப்பா வளக்குறீங்க?” என்று பட்டாசு ஆசையாக ஓர் இலையைத் தடவினான். விரலில் தூசி ஒட்டிக்கொண்டது. அவன் விரலைப் பார்த்தான். பிறகு இலையை நகத்தால் கீறிப் பார்த்தான். “அட, பிளாஸ்டிக்!”

கணிப்பாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் சற்று நேரம் முகத்திலேயே நின்றது. அண்ணி பாட்டிலின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் அண்ணி காவல் ஆய்வாளரிடம் போனில் பேசினார். பிறகு எல்லோரையும் முதலாளியின் அறைக்கு அழைத்தார். முதலாளியின் கணினியில் அறிக்கை தயாராக இருந்தது. தலைப்புக்குக் கீழே செத்தவரின் பெயர். வெளியிடும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பல் மருத்துவர் திரைக்கு எதிரே உட்கார்ந்து, அந்தப் பெயரிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

“உங்க தம்பி மாரடைப்புல சாகலை,” என்று ஆரம்பித்தார் அண்ணி. “அவர் நாக்குல பட்ட கல்லுல யாரோ விஷத்தைத் தடவியிருக்காங்க. நாக்கு வெந்துபோனது அதனாலதான்.”

சுவர்த் திரையில் எண்கள் மட்டும் நகர்ந்தன.

“கல்லை நனைச்சுப் பாக்கணும். அதுக்காக அவர் மேஜையில எப்பவும் ஒரு தண்ணி பாட்டில் இருக்கும். மேஜையில அதோட கறை இருக்கு, பாட்டில் இல்லை. தண்ணி இல்லேன்னா நாக்கைத்தான் நீட்டணும். அதனால கொலைகாரன் ரெண்டு வேலை பாத்தான். கல்லுல விஷத்தைத் தடவினான். பாட்டிலை அங்கேருந்து எடுத்தான். எல்லாம் முடிஞ்ச பிறகு, கீழே விழுந்த கல்லைத் துடைச்சுச் சுத்தம் பண்ணிப் பெட்டியில வெச்சான். தலைகீழா வெச்சான்.”

“தலைகீழாவா?” என்றார் மேலாளர், விஷத்தைவிட அதுதான் அதிர்ச்சி என்பது போல.

“அம்பு எதுக்குன்னு இவனுக்குச் சொல்லுங்க.”

“பூமிக்குள்ள போற திசை தம்பி. ஒரு கல்லு திரும்பிட்டா மொத்தக் கணக்கும் போச்சு. முதல் நாள் வேலையிலயே மண்டையில குட்டிச் சொல்லிக்குடுப்பாங்க. தூக்கத்துல வெச்சாக்கூட நாங்க சரியாத்தான் வெப்போம்.”

“ஆமா. நீங்க வெச்சதைப் பாத்தேன். முதலாளி மூணு விரலால வெச்சதையும் பாத்தேன். ரெண்டு பேரும் சுரங்கத்துல வளந்த கை.” அண்ணி மெதுவாகக் கணிப்பாளர் பக்கம் திரும்பினார். “நீங்க வெச்ச கல்லு இன்னும் இடது பக்கம் பாத்துக்கிட்டுக் கிடக்குது சார். எந்தத் துண்டை அவர் முதல்ல எடுப்பார்னு உங்க எண்கள் சொல்லிடுச்சு. அதோட ஆழம் உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஆழம்னுதான் தெரியலை.”

கணிப்பாளரின் குரல் அப்போதும் உயரவில்லை. “கல்லைத் தப்பா வெச்சவன் எல்லாம் கொலைகாரன்னா, உங்க கொழுந்தனையும் பிடிக்கணும்.”

“இவனும் தப்பாத்தான் வெப்பான். ஆனா பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணி ஊத்த மாட்டான்.” அண்ணி பாட்டிலை மேஜைமேல் வைத்தார். “ஒளிச்சு வெச்சா தேடுவாங்க. செடிக்குப் பக்கத்துல வெச்சா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சீங்க. திரும்ப வைக்கலாம்னு பாத்தா, முதலாளி அறையைப் பூட்டிட்டார். இதோட அடிப்பாகம் அந்தக் கறையில அச்சா உக்காருது. இலையில இருந்த தூசியில ஒரு சொட்டுத் தண்ணி பட்ட அடையாளம்கூட இல்லை.”

பட்டாசு தன்னையறியாமல் அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கணிப்பாளர் பாட்டிலிலிருந்து கண்ணை எடுத்தார். “வீட்டை அடமானம் வெச்சு அந்தப் பங்கை வாங்கிட்டேன். சோதனை முடிவு ரொம்ப அழகா இருக்கு, நம்ப முடியலைன்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார். கல்லுல ஒண்ணுமில்லைன்னு அவர் ஒரு வரி எழுதினா அந்தக் கம்பெனியை யாரும் வாங்க மாட்டாங்க. நான் தெருவுல நிக்கணும்.”

“எழுதியிருந்தாலும் வாங்கியிருப்பாங்க,” என்றார் அண்ணி. “பெரிய கம்பெனிக்கு வேண்டியது தங்கம் இல்லை, தண்ணி. அவங்க சுரங்கத்துக்கு மேல இருக்குற அணை இந்தச் சின்னக் கம்பெனியோட நிலத்துல இருக்கு. அது இல்லாம அவங்க ஆலை ஓடாது. அதைத்தான் அவர் படத்துல நீலமாத் தீட்டி வெச்சிருந்தார். அதைத்தான் மேலாளர்கிட்டயும் சொன்னார். கல்லுல தங்கம் இருந்தாலும் இல்லாட்டியும் அடுத்து விலைபோறது இதுதான்னு அவர் முடிவு பண்ணிட்டார். உங்க பக்கம் பேச இருந்த ஒரே ஆளைக் கொன்னுட்டீங்க.”

கணிப்பாளர் அண்ணியைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அந்தச் சின்ன நிறுவனத்தின் பங்கு விலை அங்கே ஏறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சட்டென்று வந்து போனது துக்கம் இல்லை என்பதைப் பட்டாசு கண்டான். அதற்குப் பிறகு அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

காவல் ஆய்வாளர் வந்தார். கணிப்பாளர் மறுக்காமல் எழுந்து, சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டு அவருடன் நடந்தார்.

முதலாளி நெற்றியைத் துடைத்தார். “அம்மா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. எழுதினது யாரா இருந்தாலும் முடிவு ஒண்ணுதான். உங்க தம்பி நினைச்சதும் இதே கம்பெனிதான். அப்படியே அவர் பேர்ல போட்டா...”

“இந்த அறிக்கையில அணை வருதா?”

“இல்லை. முழுக்கத் தங்கம்தான்.”

“அப்ப இது என் தம்பியோடது இல்லை.” பல் மருத்துவர் எழுந்து நின்றார். “இந்தக் கல்லு ரொம்ப நல்ல கல்லுன்னு அவன் பேர்ல ஒருத்தரும் வாசிக்கக் கூடாது. பேரை எடுங்க. என் கண்ணு முன்னாடி எடுங்க.”

முதலாளியின் மூன்று விரல்கள் விசைப்பலகைமேல் தயங்கின. பிறகு எழுத்து எழுத்தாக அந்தப் பெயர் பின்னோக்கி அழிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் மொத்த அறிக்கையையும் அழித்தார். வெள்ளைத் திரை மட்டும் மிஞ்சியது.

அப்போது கல் பார்க்கும் அறையிலிருந்து தொலைபேசி மணி அடித்தது. செத்தவரின் நேரடி எண். யாரும் நகரவில்லை. மணி ஓய்ந்து, மறுபடி தொடங்கியது. பல் மருத்துவர் நடைவழியில் நடந்துபோய் எடுத்தார். பட்டாசு வாசலில் நின்றான். அந்த அறையின் அமைதியில் எதிர்முனைக் குரல் அவனுக்கும் கேட்டது. வயதான, பணிவான ஒரு குரல்.

“சார் இருக்காருங்களா? சாயந்திரம் அறிக்கை வரும்னு சொன்னாங்க. இன்னும் வரலையே, அதான் கேக்கலாம்னு.”

“நான் அவனோட அக்கா பேசறேன்,” என்றார் அவர். ஒவ்வொரு சொல்லையும் அழுத்தமாகச் சொன்னார். “என் தம்பி இல்லை. மாரடைப்பு இல்லை. அவனைக் கொன்னுட்டாங்க.”



“அடப் பாவமே,” என்றது குரல். “ரொம்ப நல்ல மனுஷன்.” பிறகு ஒரு தயக்கம். பிறகு இன்னும் பணிவாக, “அப்போ... அந்தப் பங்கை வாங்கலாமா, வேண்டாங்களா?”